கரடுமுரடான தடத்தில் டயர் போனால்: நின்ற இடத்திலேயே சரிசெய்து வெளியே வர முழு வழிகாட்டி

டயரில் காற்று இறங்குகிறதோ என்று சந்தேகம் வந்த நொடிக்கும் வண்டி நின்ற நொடிக்கும் நடுவில் சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது? அந்த டயர் பிழைக்குமா, குப்பைக்குப் போகுமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. ஒருமுறை வறண்ட ஆற்றுப் படுகையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது தெரிந்தும், நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தலாம் என்று முந்நூறு மீட்டர் ஓட்டினேன். ஓட்டை என்னவோ முள் குத்திய அளவுதான், ஒரு ரப்பர் திரியைச் செருகினாலே அடைந்திருக்கும். டயரைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கைப்பிடி அளவு கருப்புத் தூள் கொட்டியது. காற்றில்லாத பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் அரைபட்டு, உள்ளிருந்தே தேய்ந்துபோயிருந்தது. அதற்குமேல் அந்த டயரை எதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள். இடம் சரியில்லை, வெயில் அடிக்கிறது, பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். ஸ்டீயரிங் கனப்பது, வண்டி ஒரு பக்கம் சாய்வது, ‘தப் தப்’ என்ற சத்தம் ஆகியவைதான் வழக்கமான அறிகுறிகள். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் எப்படியும் மெத்தென்றுதான் இருக்கும் என்பதால் இவை தாமதமாகவே தெரியும். அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நான்கு டயரையும் ஒரு சுற்றுப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

கிளம்பும் முன் வண்டியில் இருக்க வேண்டியவை

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தேவைப்படும்போது அது பாதிக் காற்றோடு இருக்கும், அல்லது இறக்கும் சங்கிலி துருவேறி நகராது. அதன் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஓடவே ஓடாத டயரிலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும்.

பழுதுபார்க்கத் தேவையானவை: டியூப்லெஸ் பஞ்சர் கிட் (ஓட்டையைத் தேய்க்கும் சொரசொரப்பான அரமுனை, கண் உள்ள ஊசி, குறைந்தது இருபது ரப்பர் திரி, ரப்பர் பசை), குறடு, கூர்மையான கத்தி, காற்றழுத்தமானி, 12 வோல்ட் கம்ப்ரஸர், வால்வு பின் (வால்வுக்குள் இருந்து காற்றைத் தடுக்கும் சின்ன ஊசி) கழற்றும் சாவி, நான்கைந்து வால்வு பின்கள், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டில், சாக்பீஸ், கட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் ஒன்று. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை அவசியம். வீல் நட்டுக்குப் பூட்டு போட்டிருந்தால் அதன் சாவியை மறந்துவிடாதீர்கள்.

திரியும் பசையும் வாங்கியதிலிருந்து காயத் தொடங்கிவிடும். கையில் அழுத்தினால் ஒட்டாத திரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். கிட்டில் அரமுனைக்கும் ஊசிக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் இரும்பு டி-கைப்பிடிக்கு மாறுங்கள். எஃகுக் கம்பிகள் உள்ள கனத்த டயரில் முழு உடம்பின் பலத்தையும் கொடுத்துக் குத்த வேண்டியிருக்கும், பிளாஸ்டிக் உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும்.

காற்றைக் குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு

முழுக் காற்றுள்ள டயர் விறைப்பாக இருக்கும், கூரான கல்லின் மேல் ஏறும்போது முழு எடையும் ஒரே புள்ளியில் விழும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும், எடை பரவும், வெட்டு விழும் வாய்ப்பு குறையும். தார்ச்சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ ஓட்டும் வண்டிக்குச் சரளைத் தடத்தில் 24 முதல் 28, பாறையில் 18 முதல் 22, மணலில் 15 முதல் 18 என்று தொடங்கலாம். சுமை அதிகமானால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மிலிருந்து நழுவலாம்.

குறைந்த காற்றுக்குக் குறைந்த வேகம். 18 பிஎஸ்ஐயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறும், அந்தச் சூடே டயரைக் கொல்லும். மெத்தென்ற டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கல்லை உரசியபடி ஒதுங்கிப் போவதைவிட, டயரின் முகப்பை (தரையைத் தொடும் பகுதியை) நேராகக் கல்லின் மேல் ஏற்றி இறக்குவது நல்லது. முகப்புக்கு அடியில் எஃகுப் பட்டைகள் இருக்கின்றன. பக்கச்சுவரில் பெரும்பாலும் துணி அடுக்குகள் மட்டும்தான். ஓடையைத் தாண்டியதும் வரும் பாறைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரமான ரப்பர் காய்ந்த ரப்பரைவிட எளிதாக வெட்டுப்படும். சக்கரம் வழுக்கிச் சுழலும்போது ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், கூரான கல்லின் மேல் சுழலும் டயர் அறுபடும்.

நின்றதும் என்ன செய்வது

வண்டியை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது? காதால் பிடிபடவில்லை என்றால் சோப்புத் தண்ணீரை வால்விலிருந்து தொடங்கி, ரிம் ஓரம், பக்கச்சுவர், முகப்பு என்ற வரிசையில் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தரையோடு படிந்திருக்கும் பகுதியைப் பார்க்க வண்டியை ஒரே ஒரு அடி நகர்த்தினால் போதும். சேறு அப்பியிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள், சேற்றுக்கு உள்ளே வரும் குமிழி வெளியே தெரியாது. பின்பக்க டயரை மறக்காமல் பாருங்கள். தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் நிமிர்த்திவிடும், பின்சக்கரம் அதன்மேல் ஏறும்.

குத்திய ஆணியோ முள்ளோ கண்ணில் பட்டதும் பிடுங்கிவிடாதீர்கள். அதுவே இப்போதைக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. எல்லாச் சாமானும் கைக்கு எட்டும் இடத்தில் வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

முகப்பில் ஓட்டை: திரி போடும் முறை

முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிவிட்டால் சக்கரத்தைக் கழற்றாமலே வேலை பார்க்கலாம். பின்சக்கரத்தில் ஓட்டையைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு உருட்டிக் கொண்டுவரப் பாருங்கள். கை நுழையவில்லை என்றால் கழற்றத்தான் வேண்டும்.

1. மிச்சக் காற்றை இறக்க வேண்டாம். கொஞ்சம் காற்று இருந்தால்தான் குத்தும்போது டயர் உள்ளே அமுங்காமல் எதிர்த்து நிற்கும். முழுவதும் தட்டையாக இருந்தால் கம்ப்ரஸரைப் போட்டுப் பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளுங்கள்.

2. திரியை ஊசியின் கண்ணில் நுழைத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி இழுத்து, பசையைத் தாராளமாகப் பூசித் தயாராக வையுங்கள்.

3. ஆணி எந்தக் கோணத்தில் நுழைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குறடால் பிடுங்குங்கள்.

4. அதே கோணத்தில் அரமுனையை, திருகாணி முறுக்குவதுபோல வலம் சுழற்றியபடி உள்ளே தள்ளுங்கள். நான்கைந்து முறை மேலும் கீழும் இழுக்க வேண்டும். அறுந்த எஃகுக் கம்பி முனைகளை மழுக்குவதுதான் நோக்கம். இதை அரைகுறையாகச் செய்தால் அந்தக் கம்பிகள் திரியை மெல்ல மெல்ல அறுத்து, இருபது கிலோமீட்டர் தாண்டி மறுபடி காற்று இறங்கும். வேலை முடிந்ததும் அரமுனையை உள்ளேயே விட்டுவையுங்கள், காற்று போகாது.

5. ஒரு கையால் அரமுனையை உருவியதும் மறுகையில் இருக்கும் ஊசியைக் குத்தி, திரியின் இரு நுனியும் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை தள்ளுங்கள்.

6. ஊசியைத் திருகாமல், நேராக, ஒரே இழுப்பில் உருவுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும்.

7. காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி இல்லை என்றால் நுனியை முகப்பிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்க வேண்டாம்.

இன்னும் கசிகிறதா? முதல் திரியை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே இன்னொன்றைச் செருகுங்கள். கல் கிழித்த ஓட்டைகளுக்கு மூன்று நான்கு திரிகூடத் தேவைப்படும். நெருக்கிக்கொண்டு நிற்கும் அளவுக்குத் திணித்தால் பிடித்துக்கொள்ளும்.

டப்பாவில் வரும் திரவ அடைப்பானை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். முகப்பில் இருக்கும் சின்ன ஓட்டைக்கு அது உதவும், பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. உள்ளே பசையாக அப்பிக்கொள்வதால் பிறகு ஒழுங்காகப் பேட்ச் ஒட்டுவதும் சிரமமாகிவிடும்.

பக்கச்சுவர் கிழிந்தால்

பலர் பதறும் இடம் இது. பதறாமல் கிழிசலின் திசையைப் பாருங்கள். ரேடியல் டயரில் துணி நூல்கள் ஒரு ரிம் ஓரத்திலிருந்து முகப்பைத் தாண்டி மறு ஓரம் வரை, சக்கரத்தின் ஆரத்தின் திசையில் ஓடுகின்றன. கிழிசலும் அதே திசையில், ரிம்மிலிருந்து முகப்பை நோக்கி இருந்தால் நூல்களுக்கு இடையே பிளந்திருக்கலாம், சில நூல்களே அறுந்திருக்கும். சக்கரத்தின் வட்டத்தை ஒட்டி நீளும் வெட்டு என்றால், ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே நிறைய நூல்கள் அறுந்திருக்கும். முதல் வகையைத் தற்காலிகமாகக் காப்பாற்றலாம். இரண்டாவது வகை மோசமானது.

காற்று போகாமல் ஒரு கட்டி மட்டும் புடைத்துக்கொண்டு நின்றால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன என்று பொருள். அதில் திரி குத்தினால் நிலைமை இன்னும் கெடும். வேகத்தை அடியோடு குறைத்து, ஸ்டெப்னி மாட்டிவிடுங்கள்.

சின்னக் கிழிசலுக்குத் திரி போடும் முறை மேலே சொன்னதுதான், இரண்டு வித்தியாசங்கள் உண்டு. பக்கச்சுவரில் எஃகுக் கம்பி பெரும்பாலும் இருக்காது, எனவே அரமுனையை அளவாகப் பயன்படுத்துங்கள். அதிகம் அராவினால் நல்ல நூல்களையும் அறுத்துவிடுவீர்கள். திரிகளை கிழிசலின் ஒரு முனையிலிருந்து வரிசையாக, ஒன்றையொன்று நெருக்கும்படி போட வேண்டும். ஏழெட்டுத் திரி போட்டு வெளியே வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த டயரை முன்சக்கரத்தில் வைக்காதீர்கள். பின்னால் மாற்றி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இது தடத்திலிருந்து வெளியே வர மட்டும்தான். பக்கச்சுவரில் திரி போட்ட டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது. நல்ல ஸ்டெப்னி கையில் இருந்தால் அதை மாட்டிவிட்டு, கிழிந்ததைத் திரி போட்டு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் ஓரம் ரிம்மிலிருந்து கழன்றால்

இதைப் பீட் கழன்றது என்பார்கள். மணல்மேட்டில் பக்கவாட்டில் சறுக்கும்போதும், காற்று மிகக் குறைவாக இருக்கையில் சட்டென்று திருப்பும்போதும் நடக்கும். டயருக்கு எந்தச் சேதமும் இருக்காது என்பதால் பொறுமையாகச் செய்தால் முழுதாக மீட்டுவிடலாம்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாதபடி செய்யுங்கள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் புகுந்த மணல், கல், புல் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். ஒரு சிட்டிகை மணல் இருந்தாலும் ஓரம் சரியாக உட்காராமல் கசியும். இரும்பு ரிம்மின் விளிம்பு வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம்மைத் தட்ட வேண்டாம், விரிசல் விடும். பிறகு இரு ஓரங்களிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள்.

அடுத்து வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள். பின் இல்லாமல் காற்று வேகமாக உள்ளே பாயும், இங்கே தேவைப்படுவது அதுதான். கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு டயரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினாலே பல சமயம் ஓரம் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் ராட்செட் பெல்ட்டை முகப்பின் நடுவில் டயரைச் சுற்றிக் கட்டி இறுக்குங்கள். முகப்பு உள்ளே அமுங்கும்போது ஓரங்கள் வெளிப்பக்கம் பிதுங்கி ரிம்மைத் தொடும். காற்று பிடிக்கத் தொடங்கியதும் பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். ‘டொப்’ என்ற சத்தம் இரண்டு முறை கேட்டால் இரு ஓரமும் உட்கார்ந்துவிட்டன. 40 பிஎஸ்ஐ வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் மேலே ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி முதலிலிருந்து தொடங்குங்கள். காற்று ஏறும்போது முகத்தைப் பக்கச்சுவருக்கு நேரே வைக்க வேண்டாம். ஓரம் உட்கார்ந்ததும் வால்வு பின்னைத் திரும்பப் போட்டு, வேண்டிய அளவுக்குக் காற்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரியும் ஸ்ப்ரேயை டயருக்குள் அடித்துத் தீ வைத்து உட்காரவைக்கும் வித்தையைச் சிலர் செய்து காட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எவ்வளவு வாயு உள்ளே போனது என்று அளக்க வழியில்லை, டயர் வெடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தப்ப நேரமும் இல்லை.

வால்வு

குச்சியோ கல்லோ இடித்து வால்வு ஒடிவது அடிக்கடி நடக்கும். பின் மட்டும் கசிந்தால் சாவியால் இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள். கார், லாரி, பைக் என்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 1893-இல் காப்புரிமை பெற்ற ஸ்க்ரேடர் வால்வுதான். அதனால் உதிரிப் பின் தீர்ந்துபோனால் கிழிந்த டயரிலிருந்தோ கூட வந்த பைக்கிலிருந்தோ கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். தண்டே ஒடிந்துவிட்டால், வெளியிலிருந்து செருகி இறுக்கும் அவசர வால்வு ஒன்று இருந்தால் டயரைப் பிரிக்காமலே தப்பிக்கலாம். நான் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன்.

சரிவிலும் மணலிலும் சக்கரம் மாற்றுவது

முதலில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். சில ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல், கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுதந்திரமாகச் சுழலும், பிரேக் போட்டும் போடாததுபோல ஆகிவிடும், வண்டி உருளும். ஆட்டோமேட்டிக் கியரின் பார்க் நிலைக்கும் இதே குறை உண்டு. ஃபோர் வீலில் போட்டு, டிஃப் லாக் (டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி) இருந்தால் அதையும் போட்ட பிறகே தூக்குங்கள்.

நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஜாக்கிக்கு அடியில் பலகை வையுங்கள். திடமான ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில் ஆக்சிலுக்கு அடியில் தூக்குவது நல்லது. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தூக்கினால் ஸ்பிரிங் முழுக்கத் தொங்கி முடிந்த பிறகுதான் சக்கரம் எழும், அதற்குள் வண்டி ஆபத்தான உயரத்துக்குப் போய்விடும். கழற்றும் சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். நெட்டுக்குத்தான ஹை-லிஃப்ட் ஜாக்கி பயன்படுத்தினால் அதன் கைப்பிடி போகும் பாதையில் தலையை வைக்காதீர்கள். அது திருப்பி அடித்தால் தாடை உடையும்.

மணலில் ஜாக்கி புதைந்துகொண்டே போகிறதா? ஆக்சிலுக்குப் பலகையும் கல்லும் அடுக்கி உறுதியாக முட்டுக் கொடுத்துவிட்டு, டயருக்கு அடியில் இருக்கும் மணலைத் தோண்டி எடுங்கள். டயர் அந்தரத்தில் தொங்கும், எளிதாகக் கழன்றுவிடும்.

ஸ்டெப்னி மற்ற டயர்களின் அளவிலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு டயர் இருந்தால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். அப்படியே மாட்ட வேண்டி வந்தால் டிஃப் லாக்கையும் ஃபோர் வீலையும் தேவையான இடத்தில் மட்டும் போட்டு உடனே எடுத்துவிடுங்கள். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியும் போய்விட்டால்

டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்ளிருந்து பேட்ச் ஒட்டலாம். முதலில் ஓர் எச்சரிக்கை: வளையம் வளையமாகப் பிரியும் லாரி ரிம்மைத் தடத்தில் தொடவே தொடாதீர்கள். கீழே சொல்வது ஒரே துண்டாக இருக்கும் ரிம்முக்குத்தான்.

வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். டயர் ஓரத்தை ரிம்மிலிருந்து பெயர்க்க, சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து, ரிம் விளிம்பை ஒட்டிப் பக்கச்சுவரின் மேல் ஜாக்கியை நிறுத்தி, மேல்முனையைச் சேசிஸில் முட்டவைத்து உயர்த்துங்கள். வண்டியின் எடை ஓரத்தைக் கீழே தள்ளும். பிரிக்கும்போது ரிம்மின் நடுப்பள்ளம் எந்தப் பக்கத்துக்கு நெருக்கமோ அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். ஒரு பக்க ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கினால்தான் எதிர்ப்பக்கம் டயர் லிவர் ஏறும். இது தெரியாமல் பலத்தால் நெம்புகிறவர்கள் ஓரக் கம்பியையே முறித்துவிடுகிறார்கள்.

உள்ளே ஓட்டையைச் சுற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசையை மெல்லிசாகப் பூசி, ஈரம் போய் ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்து, பேட்சை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். ரேடியல் பேட்சில் அம்புக்குறி இருந்தால் அது டயர் ஓரங்களை நோக்கி இருக்க வேண்டும். கிழிசல் பெரிதென்றால் உள்ளே பெரிய பேட்ச் ஒட்டி, பொருத்தமான அளவில் டியூப் போடலாம். டியூப் போடும் முன் உள்பக்கம் முழுவதும் விரலால் தடவி முள், கம்பி முனை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடேறும், எனவே மெதுவாகத்தான் போக வேண்டும்.

தார்ச்சாலைக்கு வந்ததும்

வேகம் எடுக்கும் முன் எல்லா டயரிலும் பழைய அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். கம்ப்ரஸரை பேட்டரியில் நேரடியாக மாட்டி, இன்ஜினை ஓடவிடுங்கள். சிகரெட் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகலாம். ஒரு டயர் முடிந்ததும் கம்ப்ரஸரைத் தொட்டுப் பாருங்கள், கொதித்தால் ஆறவிடுங்கள். ரிம்களின் உள்பக்கம் அப்பிய சேற்றைத் தட்டிவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடாது.

திரி போட்ட டயரைக் கடையில் கழற்றச் சொல்லி உள்பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். ஓட்டை முகப்பில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, உள்ளே கருப்புத் தூளோ சுருக்கமோ இல்லை என்றால், தண்டுள்ள மஷ்ரூம் பேட்ச் ஒட்டி நிரந்தரமாகச் சரிசெய்துவிடலாம். பக்கச்சுவரில் திரி போட்டிருந்தாலோ, தட்டையாக ஓடியிருந்தாலோ, அந்த டயரை மாற்றிவிடுங்கள். கடைக்காரர் ‘இன்னும் ஓடும் சார்’ என்றாலும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் செலவான திரிகளை எண்ணி, அன்றைக்கே வாங்கிக் கிட்டில் நிரப்பிவிடுங்கள்.